எட்டு விநாடிக்கு மேல் ஒலிக்கக் கூடாது

1973 ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அமெரிக்காவில் தயாரான புதுக் கார்களுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் மாட்டினால்தான் எஞ்சின் உயிர் பெறும். இல்லையென்றால் சாவியை எத்தனை முறை திருப்பினாலும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. சீட்டுக்குள் எடையை உணரும் சென்சார், பக்கிளுக்குள் ஒரு சுவிட்ச், இரண்டையும் கவனிக்கும் சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி. முதலில் உட்கார வேண்டும், அடுத்து பெல்ட், அதன் பிறகே சாவி. இந்த வரிசை மாறினாலும் கார் ஒத்துக்கொள்ளாது. பெல்ட்டை ஒரேயடியாகச் சொருகி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிறவர்களைத் தடுக்க அப்படி வைத்திருந்தார்கள்.

இதற்கு இன்டர்லாக் என்று பெயர். கடைக்குப் போய்விட்டு வந்தவர் மளிகைப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்தால், கார் அதையும் ஓர் ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நாய் ஏறி உட்கார்ந்தாலும் அதே கதைதான். பைக்கும் நாய்க்கும் பெல்ட் மாட்டியாக வேண்டும். சர்க்யூட் கோளாறு ஆகி, பெல்ட் போட்டவரையும் கார் நம்ப மறுத்த சம்பவங்கள் உண்டு. அப்போது இறங்கிப் போய் பானட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு தடவை மட்டும் ஸ்டார்ட் செய்யலாம். மழையில் நனைந்தபடி அந்தப் பொத்தானைத் தேடியவருக்கு எரிச்சல் வந்ததில் வியப்பில்லை. வயரைக் கழற்றிவிடும் வித்தை தெருவுக்குத் தெரு பரவியது.

பெல்ட்டை வடிவமைத்தவரின் நோக்கம் இதைவிட எளிமையானது. ஸ்வீடனில் சாப் விமான நிறுவனத்தில் விமானிகளின் அவசரகால வெளியேற்ற இருக்கைகளை வடிவமைத்துக் கொண்டிருந்த நில்ஸ் போலின், 1958-ல் வோல்வோவுக்கு வந்தார். இடுப்பையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று புள்ளி பெல்ட்டை மறு வருடமே தயார் செய்தார். போர் விமானிக்கு எத்தனை வார் கட்டினாலும் பொறுத்துக்கொள்வார். கார் ஓட்டுகிறவர் பொறுக்க மாட்டார். ஆகவே ஒரே கையால், ஒரே அசைவில் மாட்ட முடிய வேண்டும் என்பதுதான் போலின் தனக்கு விதித்துக்கொண்ட கட்டாயம். 1959-ல் அந்த பெல்ட் பொருத்திய முதல் கார் விற்பனைக்கு வந்தது. காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வோல்வோ திறந்துவிட்டது. 1967-ல் போலின் 28,000 விபத்துகளின் விவரங்களோடு ஓர் அறிக்கை வெளியிட்டார். மணிக்கு சுமார் 96 கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் நடந்த விபத்துகளில், மூன்று புள்ளி பெல்ட் அணிந்தவர் ஒருவர்கூட இறக்கவில்லை; அணியாதவர்கள் எல்லா வேகங்களிலும் இறந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் 1968 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் பெல்ட் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. பெல்ட் வந்தது, மாட்டும் கை வரவில்லை. 1972-ல் விளக்கும் பஸ்ஸரும் சேர்ந்தன. பெல்ட் போடாமல் கியர் போட்டால் காது குடையும் சத்தம். வண்டி ஓட்டுகிறவர்கள் வேகமாகப் பாடம் கற்றார்கள்: பெல்ட்டைக் கொஞ்சம் இழுத்து முடிச்சுப் போட்டால் பஸ்ஸர் ஏமாந்துவிடும். நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லியன் ராபர்ட்சன் குழுவினர் சாலையில் நின்று எண்ணிப் பார்த்தபோது, பஸ்ஸர் இருந்த கார்களில் பெல்ட் அணிந்தவர்கள் 18 சதவீதம், இல்லாத கார்களில் 16 சதவீதம். இத்தனை சத்தத்துக்கும் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

இன்டர்லாக் பிறந்த கதையில் அரசியலும் கலந்திருக்கிறது. பயணி எதையும் செய்யாமலேயே அவரைக் காக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 1970-களின் தொடக்கத்தில் வற்புறுத்திக்கொண்டிருந்தது. அதன் பொருள் ஏர்பேக். கார் நிறுவனங்களுக்கு அது பெரும் செலவாகத் தெரிந்தது. 1971 ஏப்ரல் 27 அன்று இரண்டாம் ஹென்றி ஃபோர்டும் லீ அயகோக்காவும் வெள்ளை மாளிகையில் அதிபர் நிக்சனைச் சந்தித்துக் குறைகளைக் கொட்டினார்கள். நிக்சன் தன் அறையில் வைத்திருந்த ரகசிய ஒலிப்பதிவுக் கருவி அந்தப் பேச்சையும் பதிவு செய்துகொண்டது. அதன் பின் ஏர்பேக் விதி தள்ளிப்போனது. இடைக்கால மாற்றாக இன்டர்லாக் அனுமதிக்கப்பட்டது. ஒரு நல்ல கருவியைத் தள்ளிப்போடுவதற்காகக் கொண்டுவரப்பட்ட கருவி இது என்பதை மறந்துவிட்டு அதன் தோல்வியைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

1974-ல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மேசையில் புகார்க் கடிதங்கள் குவிந்தன. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த லூயிஸ் வைமன் என்ற உறுப்பினர் பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பை முன்னின்று நடத்தினார். என் காரை நான் ஸ்டார்ட் செய்ய அரசாங்கத்தின் அனுமதி எதற்கு என்ற வாதத்துக்கு அந்த ஆண்டில் தனி வலு இருந்தது. வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் பதவி விலகி, அரசு என்ற சொல்லையே மக்கள் சந்தேகத்தோடு கேட்ட காலம். 1974 அக்டோபர் 27 அன்று அடுத்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், இன்டர்லாக்கைக் கட்டாயப்படுத்த அரசுக்கு இனி அதிகாரமில்லை என்றது. (கார் கம்பெனி ஃபோர்டு குடும்பத்துக்கும் இவருக்கும் உறவு கிடையாது.) அதோடு நிற்கவில்லை. சாவியைத் திருப்பியதிலிருந்து எட்டு விநாடிகளுக்கு மேல் பெல்ட் மணி ஒலிக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்கக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள்.

எட்டு விநாடி. பார்க்கிங்கிலிருந்து வண்டியைப் பின்னால் எடுப்பதற்குள் மணி ஓய்ந்துவிடும். இந்த வரம்பை நீக்க அமெரிக்காவுக்கு 2012 வரை, அதாவது 38 ஆண்டுகள் பிடித்தன. நாயாலும் மளிகைப் பையாலும் வந்த கோபம் நியாயமானதுதான். அதன் தண்டனையை ஒரு மணி ஓசை தலைமுறைக்கணக்கில் அனுபவித்ததுதான் வேதனை.

உலகின் மறுகோடியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வேறு வழியைப் பிடித்தது. 1969-ல் அங்கே சாலை விபத்துகளில் 1,034 பேர் மாண்டார்கள். மெல்போர்ன் நகரின் சன் பத்திரிகை அந்த எண்ணையே முழக்கமாக்கி 1,034 மீது போர் தொடுப்போம் என்று இயக்கம் நடத்தியது. சிதைந்த உடல்களைத் தைத்துத் தைத்துச் சலித்துப்போன அறுவை மருத்துவர்களும் சட்டம் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். 1970 டிசம்பர் 22 முதல், பெல்ட் உள்ள காரில் அதை அணிந்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்தது. உலகில் இதற்கு முன்னுதாரணம் கிடையாது. 1970-ல் 1,061 ஆக இருந்த சாவு எண்ணிக்கை 1971-ல் 923 ஆனது. 1972 தொடங்கும்போது ஆஸ்திரேலியாவின் எல்லா மாநிலங்களும் அதே சட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தன.

மேற்கு ஜெர்மனி 1976-ல் சட்டம் போட்டது, ஆனால் அபராதம் வைக்கவில்லை. விபத்தில் கார் தீப்பற்றினால், தண்ணீரில் விழுந்தால் பெல்ட் ஆளைச் சிறைவைத்துவிடுமே என்ற பயம் அங்கே பரவலாக இருந்தது. இந்தப் பயம் இன்றும் எல்லா ஊர்களிலும் கேட்கிறது. தீப்பற்றும் விபத்துகள் மிகக் குறைவு. அப்போதும் தப்பிப்பதற்கு முதல் தேவை மோதலில் நினைவு தப்பாமல் இருப்பது, அதைத் தருவதே பெல்ட்தான். 1984 ஆகஸ்டில் 40 மார்க் அபராதம் அறிவித்தார்கள். அணிவோர் விகிதம் 90-ஐத் தாண்டியது. எட்டு வருடம் நீடித்த பயம் 40 மார்க்கில் காணாமல் போனது.

பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-ல் வைத்த வாதம் இதைவிடக் கனமானது: பாதுகாப்பாக உணர்கிறவர் வேகமாக ஓட்டுவார், ஆகவே ஆபத்து காருக்குள்ளிருந்து தெருவில் நடப்பவர் மீது இடம் மாறும். லண்டனில் ஜான் ஆடம்ஸ் என்ற புவியியல் பேராசிரியர் இதே கோணத்தில் நீண்ட காலம் எழுதினார். மனித இயல்பு பற்றிய எச்சரிக்கையாக அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பெல்ட் அணியாமலிருக்க அதைச் சாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் சட்டென்று நின்றால், பெல்ட் இல்லாத உடல் அதே 50-ல் முன்னால் பாய்கிறது. மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தால் என்ன வேகமோ, அந்த வேகம். அந்த நேரத்தில் வாதங்கள் எதுவும் அவரைப் பிடித்துக்கொள்ளப் போவதில்லை.

அமெரிக்காவிலும் சட்டமும் அபராதமும் வந்த பிறகுதான் மணிக்கு மரியாதை திரும்பியது. ஃபோர்டு நிறுவனம் 2000 மாடல் முதல் புதுவிதமான நினைவூட்டலை வைத்தது. ஆறு விநாடி ஒலி, அரை நிமிட மௌனம், மறுபடி ஒலி என்று ஐந்து நிமிடம் வரை அது விடாது. எட்டு விநாடிச் சட்டம் கட்டாயத்தைத்தான் தடுத்தது, நிறுவனம் தானாக வைப்பதை அல்ல. இந்தக் கார்களில் பெல்ட் அணிந்தவர்கள் 71-லிருந்து 76 சதவீதமாக உயர்ந்தார்கள். காரை முடக்காமல், நச்சரிப்பை மட்டும் விடாமல் வைத்ததற்குக் கிடைத்த பலன். வைமனின் நியூ ஹாம்ப்ஷயரில் மட்டும் வயது வந்தவர்களுக்கு பெல்ட் சட்டம் இன்றுவரை கிடையாது.

இந்தியாவில் இதே மணியை அடைக்க வந்தது விரல் நீளத்துக்கு ஓர் உலோகத் துண்டு. பெல்ட்டின் நுனியில் இருக்கும் நாக்கைப் போலவே வடிவம், வார் மட்டும் இல்லை. பக்கிளில் சொருகினால் டக்கென்று உட்கார்ந்துகொள்ளும்; உள்ளே இருக்கும் சுவிட்ச், பெல்ட் மாட்டியாகிவிட்டது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். 2019 ஜூலை முதல் முன் சீட்டுகளுக்கு பெல்ட் நினைவூட்டல் கட்டாயமானது. கார் ஆக்சசரீஸ் கடைகளிலும் இணையதளங்களிலும் கம்பெனி லோகோ பொறித்த கிளிப்புகள் அலங்காரப் பொருள் போல விற்கப்பட்டன. பல கார்களில் அந்த சுவிட்ச் மணிக்கு மட்டும் வேலை செய்வதில்லை. மோதலின்போது ஏர்பேக் எப்போது, எப்படி விரிய வேண்டும் என்று கணக்கிடும் கருவியும் அதைத்தான் கேட்கிறது. கிளிப் சொல்லும் பொய்யை நம்பி விரியும் ஏர்பேக்கின் முன்னால் இருப்பது பெல்ட் இல்லாத உடல்.

2014 ஜூன் 3 அன்று மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே டெல்லியில் பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் போய் விபத்தில் இறந்தார். 2022 செப்டம்பர் 4 அன்று டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் மோதியது. பெல்ட் இல்லாமல் பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். 2021-ல் பெல்ட் அணியாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 16,397 பேர், அதில் 7,959 பேர் பயணிகள். இவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

மிஸ்திரி மரணத்துக்குப் பிறகு கிளிப் விற்பனைக்கு எதிராக அரசு விழித்துக்கொண்டது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு, 13,118 கிளிப் விளம்பரங்களை நீக்க வைத்தது. தயாரிப்பவர்கள் மீதும் விற்பவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் போனது. கிளிப் சொருகியிருந்தால் காப்பீட்டுத் தொகையே மறுக்கப்படலாம் என்றும் ஆணையம் எச்சரித்தது.

பின் சீட்டின் நிலைமை இன்னும் மோசம். முன்னோக்கி அமர்ந்த பின் சீட்டுப் பயணியும் பெல்ட் அணிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 138. தவறினால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் வாடகைக் கார் பலவற்றில் பின் சீட்டு பக்கிள், உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. சீட் கவர் தைப்பவர் அதற்குத் துளை விடுவதில்லை, வண்டிக்காரர் கேட்பதும் இல்லை. நாக்கைச் சொருக இடம் தேடும் பயணி இரண்டு நிமிடம் உறைக்குள் விரலைவிட்டுத் துழாவிவிட்டு, பெல்ட்டைப் பழைய இடத்துக்கே விட்டுவிடுகிறார். தகுதிச் சான்றுக்கு வரும் டாக்சிகளில் அந்த உறையைத் தூக்கிப் பார்க்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.