மன்னார்க் கரையில் இறங்கிய தாய்மார்

மன்னாரின் வரலாற்றைச் சொல்வோர் முத்துக்குளிப்பையும் திருக்கேதீச்சரத்தையும் விடாது குறிப்பிடுவர். கைக்குழந்தையோடு அக்கரையில் இறங்கிய தாய்மாரைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் தோணிவிட்டு இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். தொடக்கத்தில் பெண்கள் சிலரே வந்தனர். 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. பின்னர்த் தேயிலை பரவியது. கொழுந்து கொய்ய ஆண்டு முழுவதும் பெண்களின் கைகள் வேண்டியிருந்தன, குடும்பங்களாக வரலாயினர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது.

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டதே 2015இல்தான். அக்காலத் தோணித்துறையில் பிள்ளை பசித்து அழுதால், மறைவிடம் தேடிப் போவது எங்கே? சேலை முந்தானையே திரை.

தோட்டத்தை அடைந்தபின் தாய்க்குத் தடையாய் நின்றது நாணமன்று, நேரம். பிள்ளை பிள்ளைக்காம்பராவில், தாயோ கூடையுடன் மலைச்சரிவில். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பின்னர்த் திருத்தப்பட்டபோதுதான் அந்நேரம் உரிமையாயிற்று. ஒரு வயது நிறையாத பிள்ளையின் தாய்க்கு, ஒன்பது மணி நேரத்துக்குள் இருமுறை பாலூட்டும் இடைவேளை. பிள்ளைக் காப்பகம் இருப்பின் முப்பது நிமிடம், இல்லையேல் ஒரு மணி நேரம்.