குடிசைக்கு வரி இல்லை, குடிசைக்காரருக்கு வாக்கும் இல்லை

உள்ளாட்சி வரலாறு என்றால் நமக்குக் கல்லூரியில் சொல்லித் தந்தது ஒரு மதிப்பெண் விடைதான்: ரிப்பன் பிரபு, 1882, ‘உள்ளாட்சியின் தந்தை’. தேர்வுக்கு அது போதும். ஆனால் தஞ்சாவூரில் நகராட்சி உருவானது அதற்கும் முன்னால், 1866-ல். அதே ஆண்டில் கும்பகோணத்திலும் மாயவரத்திலும் நாகப்பட்டினத்திலும் நகராட்சிகள் வந்தன. 1884-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு உறுப்பினர்களில் ஒரு பகுதியினரைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கும் முறை பரவியது. அந்தத் தேர்தலில் வாக்குப் போட்டவர்கள் யார்? இந்தக் கேள்வியைப் பாடநூல் கேட்பதில்லை. நாம் கேட்டாக வேண்டும்.

விடை எளிது. வரி கட்டியவர்கள் வாக்குப் போட்டார்கள். வீட்டு வரி, தொழில் வரி என்று நகராட்சியின் பதிவேட்டில் யார் பெயர் ஏறியதோ அவருக்கு வாக்கு. வக்கீல், வியாபாரி, மிராசுதார், வீட்டுச் சொந்தக்காரர் ஆகியோரின் சபையாக நகரசபை அமைந்ததற்குக் காரணம் இதுதான். தெருவைக் கூட்டி, மலக்கூடையைச் சுமந்து அந்த நகரத்தை வாழவைத்தவர்கள் வரிப் பதிவேட்டில் இல்லை. அதனால் வாக்காளர் பட்டியலிலும் இல்லை.

இந்த விதி நம் ஊரில் பிறந்ததல்ல, இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கும் நகரசபைத் தேர்தலில் வரி கட்டுவோருக்கே வாக்கு. ஆனால் அங்கே அந்த விதி வேலை செய்த விதம் வேறு.

1906 நவம்பரில் லண்டனின் பாட்டர்சி பகுதியில் நடந்த நகரசபைத் தேர்தலைப் பாருங்கள். லாட்ச்மியர் வார்டில் வென்றவர் ஜான் ஆர்ச்சர் என்ற கறுப்பினத்தவர். தந்தை பார்படாஸ் தீவைச் சேர்ந்தவர், தாய் அயர்லாந்துக்காரர். அதே ஆண்டில் டிரினிடாட்டிலிருந்து வந்த ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் மேரிலிபோன் நகரசபைக்குத் தேர்வானார். உலகத்தையே ஆண்டுகொண்டிருந்த பேரரசின் தலைநகரில் இது நடந்தது. 1913-ல் ஆர்ச்சரைப் பாட்டர்சியின் மேயராக உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆதரவு 40, எதிர்ப்பு 39. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். அவருடைய நிறத்தையும் பிறப்பையும் பத்திரிகைகள் துருவிக்கொண்டிருந்தபோது, நகரசபைத் தொழிலாளருக்கு வாரம் 32 ஷில்லிங் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று போராடியவர் அவர்.

வரி கட்டியவருக்கே வாக்கு என்ற ஊரில் இது எப்படி நடந்தது? ஒரு காரணம், அங்கே வரி வீட்டில் குடியிருப்பவர் பெயரில் கணக்கிடப்பட்டது. வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. வாடகைக்குக் குடியிருந்த தொழிலாளியும் வாக்காளர் ஆனார். பாட்டர்சி நகரசபை 1903-லேயே லாட்ச்மியரில் தன் சொந்தத் தொழிலாளரைக் கொண்டு தொழிலாளர் குடியிருப்பு கட்டியது. தொழிற்சங்கங்களும் முற்போக்கு அணியும் அந்த வாக்காளர்களைத் திரட்டின. அங்கும் எல்லாருக்கும் வாக்கு இருக்கவில்லை. அறையில் ஒண்டிக் குடியிருந்தவர்களுக்கும் பெற்றோர் வீட்டில் இருந்த வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் வாக்கு இல்லை. ஆனாலும் கூலிக்காரரின் வீடு ஒரு வீடாகக் கணக்கில் வந்தது.

இனி காவிரிப் படுகைக்கு வருவோம். இங்கே பண்ணையாளின் குடிசை எங்கே இருந்தது? மிராசுதாரின் மண்ணில். சேரி இருந்த இடமும் தன் மிராசுக்கு உட்பட்டது என்பது நிலவுடைமையாளரின் வாதம். தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் பிறந்து அதே இடத்தில் செத்தாலும் அந்த மனைக்கட்டு நமக்குச் சொந்தமில்லை. கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போக நினைத்தால், ‘குடிசையைப் பிரித்துக்கொண்டு போ’ என்ற ஒரு சொல் போதும். சாட்டைக்கு நிகரான ஆயுதம் அது.

1920-ஐ ஒட்டிச் சென்னை மாகாண அரசு தொழிலாளர் துறையைத் தொடங்கி, ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை வாங்கித் தரும் வேலையில் இறங்கியபோது, தஞ்சை மிராசுதார்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். சில குழி நிலம் போவது அவர்களுக்குப் பெரிய நட்டமா? இல்லை. மனை கைமாறினால் ஆள் கைநழுவுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். சமூகவியல் வகுப்பில் ‘சார்புநிலை’ என்று படித்ததன் உள்ளூர்ப் பெயர் அடிமனை.

ஆக, சங்கிலி இப்படி இருந்தது. மனை இல்லை, அதனால் வரி இல்லை. வரி இல்லை, அதனால் வாக்கு இல்லை. வாக்கு இல்லை, அதனால் குடிநீரும் தெருவும் பள்ளியும் முடிவாகும் சபையில் குரல் இல்லை. இதில் எந்த இடத்திலும் ‘தீண்டத்தகாதவருக்கு வாக்கு இல்லை’ என்று சட்டம் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

சட்டசபையிலும் நிலைமை இதுதான். 1920 தேர்தலில் மாகாணம் முழுவதும் வாக்குரிமை பெற்றவர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். மக்கள்தொகை 4 கோடிக்கும் மேல். இப்படியொரு பட்டியலை வைத்து நம்மவர் தேர்தலில் வெல்ல வழியில்லை. எனவே சட்டசபையிலும் உள்ளாட்சிகளிலும் ‘நியமனம்’ என்ற வாசல் வைத்தார்கள். அரசு பார்த்து ஒருவரை உட்காரவைக்கும்.

நியமன இடத்தை வெறும் பிச்சை என்று இன்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த இடத்தை வைத்து நம் முன்னோர் செய்ததைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். 1923-ல் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட இரட்டைமலை சீனிவாசன், 1924-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அதே ஆண்டு செப்டம்பரில் அரசாணையும் வந்தது. அந்தத் தெருவும் கிணறும் குளமும் யார் பொறுப்பில் இருந்தன? பெரும்பாலும் நகராட்சி, தாலுகா போர்டு, ஜில்லா போர்டு ஆகியவற்றின் பொறுப்பில். சட்டசபையில் ஜெயித்த உரிமை நடைமுறைக்கு வர வேண்டிய இடம் உள்ளாட்சி. அங்கே நாற்காலிகள் யார் கையில் இருந்தனவோ, ஆணையின் கதியும் அவர்கள் கையில் இருந்தது.

நியமனத்தின் எல்லையும் அதுதான். நியமிக்கப்பட்டவர் தன் சேரிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, சேரி அவரை மாற்றவும் முடியாது. 1930-ல் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி நியமனத்தை எடுத்துவிட்டு ஒதுக்கீட்டு இடங்களைக் கொண்டுவந்தார்கள். 1932 பூனா ஒப்பந்தம் என்றால் சட்டமன்ற இடங்களைப் பற்றியே பேசுகிறோம். உள்ளாட்சித் தேர்தலில் ஒடுக்கப்பட்டோர் என்பதற்காக எவருக்கும் தடை இருக்கக் கூடாது என்றும் அந்த ஒப்பந்தம் சொல்கிறது. ஆனால் அங்கே இத்தனை இடம் என்று எண்ணிக்கை எதையும் அது தரவில்லை. நியாயமான பிரதிநிதித்துவத்துக்கு முயல்வதாக ஒரு வாக்குறுதி மட்டுமே தந்தது. 1937-ல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னையின் மேயரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் அவர். ஆர்ச்சர் மேயரானதற்கு 24 ஆண்டுகள் கழித்து.

வீட்டையும் வாக்கையும் முடிச்சுப்போடும் அரசியல் நம்மோடு முடிந்துவிடவில்லை. பிரிட்டனின் மற்ற பகுதிகள் 1945-ல் உள்ளாட்சி வாக்குரிமையை விரிவாக்கியபோதும் வட அயர்லாந்து பழைய முறையை விடவில்லை. அங்கே வீடு வைத்திருப்பவருக்கும் அவர் துணைக்கும் மட்டும் வாக்கு. நகரசபை ஒரு குடும்பத்துக்கு வீடு ஒதுக்கினால் இரண்டு வாக்கு ஒதுக்கியதாகப் பொருள். அதனால் கத்தோலிக்கருக்கு வீடு கிடைப்பது அரிதானது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த டெர்ரி நகரத்தின் சபையில், வார்டுகளை வெட்டிய விதத்தால், மற்ற தரப்பு 12 இடங்களை வைத்திருந்தது. பெரும்பான்மை மக்களுக்கு 8. 1968 ஜூனில் கேலடன் என்ற சிற்றூரில் ஒரு வீட்டு ஒதுக்கீட்டை எதிர்த்துப் போராட்டம் தொடங்கியது. அக்டோபரில் டெர்ரியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. ‘ஆளுக்கு ஒரு வாக்கு’ என்பது அவர்கள் முழக்கம். 1969-ல் சட்டம் மாறியது.

நமக்கு 1950-ல் அரசியலமைப்பு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. வாக்கு வந்தது, மனை வரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தபோது அவர்கள் எல்லாரும் சட்டப்படி சமமான குடிமக்கள்தாம். குடியிருக்கும் மனைக்கு உரிமை தரும் குடியிருப்புதாரர் சட்டம் அதற்குப் பிறகு, 1971-ல் வந்தது. செங்கொடிச் சங்கங்களின் நீண்ட போராட்டம் அதன் பின்னால் இருக்கிறது.

வாக்கும் மனையும் வந்த பிறகு அடுத்த சண்டை நாற்காலிக்கு. 1992-ல் நிறைவேறிய 73, 74-வது அரசியலமைப்புத் திருத்தங்கள் தலைவர் பதவியிலும் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கின. 1996-ல் தமிழ்நாட்டில் அதன்படி தேர்தல் நடந்தது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 2006 வரை முறையான தேர்தலையே நடத்தவிடவில்லை. நூறாண்டுக்கு முன் பதிவேட்டைக் காட்டி மறுத்ததை இப்போது அரிவாளைக் காட்டி மறுத்தார்கள்.

எங்களிடம் வரும் மாணவர்கள் பலர் சட்டமன்றத் தொகுதிகளை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். தங்கள் வார்டு உறுப்பினர் பெயர் தெரியாது. தோழர்களே, முதலில் இதை மாற்றுவோம். உங்கள் வார்டு எல்லை எங்கே போகிறது, சேரியை இரண்டாக வெட்டுகிறதா என்று பாருங்கள். தலைவர் பதவி சுழற்சியில் எப்போது நமக்கு வருகிறது என்று கேளுங்கள். கிராம சபையில் தீர்மானத்தை எழுதவையுங்கள், நகல் வாங்குங்கள். கோயில், மடத்து அடிமனையில் இன்றும் பட்டா இல்லாமல் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று தெருத்தெருவாகக் கணக்கெடுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் தலைவர் அலுவலகத்தில் நாற்காலியில் உட்காருகிறாரா, காசோலையில் அவரே முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுகிறாரா என்று கவனியுங்கள். தடை இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

நம் பாட்டன் பாட்டிக்கு நகரசபை என்பது வேலை வாங்கும் முதலாளி. அவர்கள் பெயர் அங்கே கூலிப் பட்டியலில் மட்டும் இருந்தது. வரும் உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளர் பட்டியலில் நம் பெயர் இருக்க வேண்டும், ஒதுக்கீட்டு வார்டில் மட்டுமல்ல, பொது வார்டிலும்.