புகையும் பேரேடும்

பாலக்காட்டுக் கணவாயின் கீழைப் பகுதியில், சித்தூர் வட்டத்தில், நல்லேப்பிள்ளி என்னும் ஊர் உளது. நெல்வயலும் பனைமரமும் நிறைந்த அந்நாட்டில் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் வழங்குகின்றன. சித்தூர் வட்டம் முன்னாளில் கொச்சி அரசுக்கு உரியதாய், பெரும்பாலும் சென்னை மாகாணத்து மாவட்டங்கள் சூழத் தனித்து நின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கேரள மாநிலம் அமைந்தபோது அதனுள் அடங்கியது. எல்லைகள் மாறின, காற்று மாறவில்லை. ஆனி ஆடியில் மேல்காற்றும், மார்கழி தையில் கீழ்க்காற்றும், இரு மாநிலத்தையும் ஒன்றாகவே எண்ணிக் கணவாயூடே வீசுகின்றன.

அந்தி சாய்ந்ததும் அவ்வூரில் விளக்கெரிகின்றது. அவ்வொளி எங்கிருந்து வருகின்றது என்று நாம் கேட்டதுண்டா? கேரளத்தின் பழைய மின்சாரம் நீரிலிருந்து பிறந்தது. 1940-இல் மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசல் நிலையமும், 1976-இல் 780 மெகாவாட் ஆற்றலுடைய இடுக்கி நிலையமும் தொடங்கப்பெற்றன. ஆயினும் இன்று அம்மாநிலம் செலவிடும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகின்றது. நிலக்கரியை எரிக்கும் பெரிய நிலையம் கேரளத்தில் இல்லை. ஆனால் பிற மாநிலங்களில் எரியும் கரியின் ஒளி அங்கே உண்டு. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி தரும் மின்சாரத்திலும் கேரளத்துக்குப் பங்குண்டு. ஒளி ஓரிடத்தில், புகை வேறிடத்தில் என்பதே இக்காலத்தின் ஏற்பாடு.

தமிழ்நாட்டில் அப்புகையின் வரலாறு நீண்டது. நெய்வேலி நிறுவனம் 1956-இல் தோன்றியது. சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த அதன் முதல் அனல் மின்நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-இல் ஓய்வுபெற்றது. எண்ணூர் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பெற்றது. தூத்துக்குடி 1979-இலும், மேட்டூர் அனல் நிலையம் 1987-இலும், வடசென்னை 1994-இலும் தொடங்கின. இந்நிலையங்களால் நாடு பெற்ற நன்மை சிறிதன்று. அதை மறுப்பார் இலர். நாம் இங்கே ஆராயப் புகுவது வேறொன்று. புகைபோக்கியின் நிழலில் வாழ்வோர் உடலுக்கு அப்புகை செய்வது யாது? அதை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர்?

கண்ணுக்குத் தெரியும் கரும்புகை மட்டுமே தீங்கு என்று நெடுங்காலம் எண்ணினர். உண்மை அதுவன்று. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகின்றது. அக்கரியில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு சாம்பலே. மின்விசையால் சாம்பலைப் பிடிக்கும் கருவிகள் அதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. அவற்றுக்குத் தப்பிச் செல்வன இரண்டு. ஒன்று, இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள். தலைமயிரின் பருமன் ஐம்பது மைக்ரானுக்கும் மேற்பட்டது என்றால் அதன் சிறுமை விளங்கும். மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்க இயலா. அது நுரையீரலின் கடைக்கோடி வரை செல்லும். மற்றொன்று கந்தக டையாக்சைடு என்னும் வாயு. இது காற்றில் மிதந்து செல்லும்போதே மாறி மேலும் நுண்துகளாகின்றது. உயர்ந்த புகைபோக்கி அருகிலுள்ள ஊரைச் சிறிது காக்கும். புகையை அழிக்காது, தொலைவிலுள்ள ஊருக்கு அனுப்பும்.

நிற்க. புகை தீயது என்று சொல்வது எளிது, மெய்ப்பிப்பது அரிது. இங்கிலாந்தில் ஜான் ஈவ்லின் என்பார் 1661-இலேயே லண்டன் நகரத்துக் கரிப்புகையைக் கண்டித்து ஒரு நூல் எழுதி மன்னருக்கு அளித்தார். மறு ஆண்டில் ஜான் கிராண்ட் என்னும் வணிகர், அந்நகரத்தில் வாரந்தோறும் வெளியான இறப்புப் பட்டிகளைத் தொகுத்து ஆராய்ந்து நூலாக்கினார். ஈவ்லினிடம் சினம் இருந்தது. கிராண்டிடம் கணக்கு இருந்தது. புகைக்கு எதிரான வழக்கு வெல்வதற்கு இவ்விரண்டும் ஒன்று சேர வேண்டியிருந்தது. அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின.

1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரில் காற்று அசையாது நின்றது. வீட்டடுப்புகளின் புகையும், நகரின் நடுவிலிருந்த மின்நிலையங்களின் புகையும் பனியோடு கலந்து தெருக்களை மூடின. மக்கள் சாகின்றனர் என்பதை அந்நாட்களில் பலர் உணரவேயில்லை. பின்னர் இறப்புப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோதுதான், வழக்கத்தைவிட ஏறத்தாழ 4,000 பேர் மிகுதியாக மாண்டது தெரிந்தது. அடுத்த இரு திங்களிலும் இறப்பு மிகுந்தே இருந்தது. அதை அந்நாளில் விஷக்காய்ச்சலின் மேல் ஏற்றினர். அரை நூற்றாண்டு கழித்து அதே ஏடுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள், மொத்த இறப்பு 12,000 அளவில் இருக்கலாம் என்றனர். 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்ததற்குக் காரணம் புகை மட்டுமன்று. ஒவ்வொரு சாவையும் பதிந்துவைத்த பேரேடும் காரணமாகும்.

லண்டன் நிகழ்ச்சி ஐந்து நாள் துன்பம். நாள்தோறும் சிறிது சிறிதாக உட்கொள்ளும் புகை இருபது ஆண்டில் என்ன செய்யும்? இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மின்நிலையங்கள் கந்தகம் மிகுந்த கரிக்குத் திரும்புமே என்னும் கவலை எழுந்தது. பெஞ்சமின் ஃபெரிஸ், ஃபிராங்க் ஸ்பைசர் ஆகிய மருத்துவ அறிஞர்கள் ஆறு நகரங்களைத் தெரிந்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றாகிய ஹாரிமன், டென்னசி பள்ளத்தாக்கின் பெரிய அனல் மின்நிலையம் ஒன்றனுக்கு அருகில் உள்ளது. 8,111 பேரைப் பெயர் குறித்து, அவர்தம் வயது, தொழில், புகைபிடிக்கும் பழக்கம் அனைத்தும் கேட்டறிந்து, 14 முதல் 16 ஆண்டுகள் வரை விடாது தொடர்ந்தனர். 1993-இல் முடிவு வெளியாயிற்று. காற்று மிகவும் கெட்ட ஸ்டூபன்வில் நகரத்தில், காற்று நல்லதாயிருந்த போர்ட்டேஜ் நகரத்தைவிட இறப்பு விகிதம் 26 விழுக்காடு மிகுதி. புகைபிடித்தல் முதலிய பிற காரணங்களைக் கழித்த பின் எஞ்சிய கணக்கு அது.

தொழில்துறையினர் அதை எளிதில் ஏற்கவில்லை. மூல ஏடுகளைக் காட்டுங்கள் என்றனர். தங்கள் பெயரை வெளியிடோம் என்ற உறுதியின்மேல் விடையளித்த மக்களை ஆய்வாளர் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. முடிவில், நடுநிலையான ஓர் ஆய்வு நிறுவனம் அவ்வேடுகளை மறைவாகப் பெற்று, முழுவதையும் மீளக் கணக்கிட்டு, முடிவு சரியே என்று 2000-இல் அறிவித்தது.

நிலையம் ஒன்று மூடப்படும்போது வேறொரு வாய்ப்புக் கிட்டும். சீன நாட்டில் சோங்சிங் நகருக்கு அருகே டோங்லியாங் என்னுமிடத்திலிருந்த கரி மின்நிலையத்தை 2004-இல் மூடினர். ஃபிரெடரிகா பெரேரா என்னும் அம்மையாரின் குழுவினர், மூடுவதற்கு முன் 2002-இல் பிறந்த குழந்தைகளையும், மூடிய பின் 2005-இல் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டனர். கரிப்புகையின் நச்சுப்பொருள் குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியில் பதித்த தடம், பின்னவரிடம் குறைந்திருந்தது. முன்னவரிடம் அத்தடத்துக்கும் வளர்ச்சிக் குறைவுக்கும் காணப்பட்ட தொடர்பு, பின்னவரிடம் காணப்படவில்லை. ஊர் அதுவே, மக்கள் அவர்களே; மாறியது காற்று.

நம் நாட்டிலும் இவ்வகை முயற்சி உண்டு. டெல்லியிலுள்ள பயன்முறைப் பொருளியல் ஆராய்ச்சிக்கான தேசிய மன்றமும், அமெரிக்க மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஏறத்தாழ 40,000 இல்லங்களில் 2004-05-இல் ஒரு முறையும், 2011-12-இல் மறு முறையும் விசாரித்தன. ஆஷிஷ் குப்தா, டீன் ஸ்பியர்ஸ் ஆகிய இருவர் அவ்வேடுகளைக் கொண்டு, இடைக்காலத்தில் புதிய கரி மின்நிலையம் வந்த மாவட்டங்களை ஆராய்ந்து 2017-இல் எழுதினர். அம்மாவட்டங்களில் இருமல் மிகுந்திருந்தது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அவ்வாறு மிகவில்லை. வறுமையோ கெட்ட நீரோ காரணமாயின் மூன்றுமே மிகுந்திருக்கும். இருமல் மட்டும் மிகுந்ததனால் காரணம் காற்று என்று உய்த்துணரலாம்.

அன்பர்களே, இங்கேதான் வெளிமாநிலங்களில் வாழும் நமக்குரிய செய்தி இருக்கின்றது. அந்த 40,000 இல்லங்களில் இரண்டாம் முறை விசாரிக்க முடிந்தவை நூற்றுக்கு 83 மட்டுமே. எஞ்சியவற்றுள் ஊர்விட்டுப் பெயர்ந்தோர் இல்லங்களும் அடங்கும். இங்கிலாந்தின் வில்லியம் ஓகிள் 1885-இலேயே ஒன்றைக் குறித்தார்: கடுந்தொழில் செய்வோரிடை இறப்புக் குறைவாகத் தோன்றினால், அத்தொழில் நலந்தருவது என்று முடிவு கட்டலாகாது, நோயுற்றோர் அத்தொழிலை விட்டுப் போய்விடுவர், வலியோர் மட்டுமே கணக்கில் நிற்பர். மின்நிலையத்தருகே வாழ்வோர்க்கும் இது பொருந்தும். சாம்பல் குட்டையருகே பத்தாண்டு வேலை செய்த ஒருவர், மூச்சுத் திணறல் கண்டு பெங்களூரிலோ மும்பையிலோ மகன் வீட்டுக்குச் சென்று அங்கே மறைந்தால், அவர் இறப்பு அந்நகரத்து ஏட்டில் ஏறுகின்றது; புகைபோக்கி நின்ற ஊரின் ஏட்டில் ஏறுவதில்லை. மின்சாரம் மாநில எல்லையைக் கடக்கின்றது, புகையும் கடக்கின்றது, மனிதனும் கடக்கின்றான். கடக்காமல் நிற்பது கணக்கு ஒன்றே.

கணக்கு இல்லாவிடத்துச் சட்டமும் தளர்கின்றது. அனல் மின்நிலையங்களின் கந்தகப் புகைக்கு இந்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. கெடு பலமுறை நீண்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்கள் அவ்வரம்பினின்றும் விலக்கப்பெற்றன. நிலையங்களுக்கு அருகே காற்றில் கந்தக வாயு மிகுதியாக இல்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவ்வாயு நெடுந்தொலைவு சென்று நுண்துகளாகும் என்பதை மேலே கண்டோம். அமெரிக்க நாட்டில் முதியோர் மருத்துவக் காப்பீட்டு ஏடுகளைத் துணைக்கொண்டு 2023-இல் வெளியான ஆய்வு, 1999 முதல் 2020 வரை கரி மின்நிலைய நுண்துகளால் நேர்ந்த மரணங்களை 4,60,000 என்று மதிப்பிட்டது. ஒவ்வொரு நிலையத்தின் புகையும் எவ்வெவ்வூரைச் சென்றடைந்தது என்று தொடர்ந்ததனால் அம்மதிப்பீடு இயன்றது. மனிதர் எங்கே வாழ்ந்தனர் என்ற பதிவு அங்கே இருந்தது.

நம்மால் ஆகக்கூடியது யாது? பிறப்பு இறப்புப் பதிவு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் கட்டாயமாயிற்று. நம் இல்லத்தில் நிகழும் மரணத்தை, அதன் காரணத்தோடு பதிந்து வைப்போம். மருத்துவரிடம் செல்லும்போது இன்றைய இருமலை மட்டும் சொல்லாது, எவ்வூரில் எத்தனை ஆண்டு வாழ்ந்தோம், என்ன தொழில் செய்தோம் என்பதையும் சொல்லி எழுதச் செய்வோம். பழைய மருத்துவச் சீட்டுகளை ஊர் மாறும்போது எறியாது உடன் கொண்டு செல்வோம். கணக்கெடுக்க வருவோர் கதவைத் தட்டினால், நாம் இவ்வூரார் அல்லர் என்று திருப்பி அனுப்பாது, வந்த ஊரையும் சொல்லுவோம்.

நல்லேப்பிள்ளியில் எரியும் விளக்குக்குப் பின்னால் எங்கோ ஓர் ஊரின் மூச்சு இருக்கின்றது. அவ்வூரில் நம் உறவினரும் இருக்கலாம்; நாமே ஒருகால் இருந்திருக்கலாம். அம்மூச்சைப் பேரேட்டில் ஏற்றுவது, அவ்வொளியில் அமர்ந்திருக்கும் நம் கடன்.