2004 அறிக்கையும் பிரித்தானியத் தெற்காசியரின் நீரிழிவு வரம்பும்: ஒரு மறுவாசிப்பு

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2002இல் சிங்கப்பூரில் கூடியது. அதன் அறிக்கை 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஆசியர்களுக்கெனத் தனி உடல் நிறைக் குறியெண் வரம்பை அது வகுக்கவில்லை. இதையே சான்றாகக் காட்டி, புலம்பெயர்ந்த சிறுபான்மையினரிடமும் அதிக எடைக்கான பொது வரம்பான 25 போதும் என வாதிடுவோர் உண்டு. அவர்கள் அறிக்கையின் முடிவைப் பற்றிக்கொண்டு, அதற்கான காரணத்தை விட்டுவிடுகிறார்கள்.

அபாயம் தொடங்கும் புள்ளி ஆசிய மக்களிடையே 22 முதல் 25 வரையிலும், மிகு அபாயப் புள்ளி 26 முதல் 31 வரையிலும் வேறுபடுகின்றன என்கிறது அறிக்கை. இவ்வளவு வேறுபாடுள்ள மக்களுக்கு ஒரே எண் பொருந்தாது என்பதால்தான் குழு தயங்கியது. முதல் வீச்சைக் கூர்ந்து நோக்கினால், பொது வரம்பான 25 அதன் மேல் விளிம்பில் இருப்பது தெரியும். ஆகவே குழு கைவிட்டது ‘ஆசியர் அனைவருக்கும் ஓர் எண்’ என்ற கருத்தைத்தான். 25 போதும் என்ற கருத்தை அது எங்கும் ஏற்கவில்லை. ஆசியரில் கணிசமானோர் 25க்குக் கீழேயே மிகு அபாயத்தில் இருப்பதை அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. பொதுச் சுகாதார நடவடிக்கைக்குரிய கூடுதல் புள்ளிகளில் 23ஐயும் 27.5ஐயும் சேர்க்கிறது.

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2013இல் இவ்விரண்டையும் தெற்காசியர் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு ஏற்றது: 23இல் அபாயம் கூடுகிறது, 27.5இல் மிகுகிறது. இந்த இரண்டாம் எண்ணே மிகவும் தாமதமானது எனக் கருதுகிறேன். இங்கிலாந்தில் ஏறத்தாழ 14.7 லட்சம் பேரின் குடும்ப மருத்துவர் பதிவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, வயதையும் பாலினத்தையும் சரிசெய்த பின், வெள்ளையருக்கு 30இல் உள்ள நீரிழிவு அபாயம் தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுவதைக் கண்டது. 165 செ.மீ. உயரமுள்ள தெற்காசியர் 65 கிலோ இருந்தால் குறியெண் 23.9; பொது அட்டவணைப்படி அவர் எடை ‘இயல்பு’. அதே உயரமுள்ள வெள்ளையர் அதே அபாயத்தை எட்ட ஏறத்தாழ 82 கிலோ இருக்க வேண்டும்.

தெற்காசியர் என்ற ஒற்றை வகைக்குள் பஞ்சாபியரும் வங்கதேசத்தவரும் இலங்கைத் தமிழரும் அடங்குவர். 2004 குழுவின் எச்சரிக்கை இங்கும் பொருந்தும், ஆகவே 23.9ஐ ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய எண்ணாகக் கொள்ளலாகாது. ஆயினும் பிரிவுகளிடையே வேறுபாடு உண்டு என்பது 25க்கு ஆதரவான வாதமாகாது. தெற்காசியர் அடிக்கடி பரிசோதிக்கப்படுவதால் நோய் கூடுதலாகத் தென்படுகிறது என்ற மறுப்பும் உண்டு. ஆறு அலகு இடைவெளி முழுவதையும் அது விளக்கிவிடாது. மெலிந்தோரை வீணாக அச்சுறுத்துகிறோம் என்பதோ பரிசீலிக்கத் தக்க வாதமே அன்று: செய்யச் சொல்வது ஓர் எளிய இரத்தப் பரிசோதனைதான்.

நைஸ் 2012இலேயே 25 வயதை எட்டிய தெற்காசியருக்கும் சீனருக்கும் 23க்கு மேல் இப்பரிசோதனையைப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையே நடைமுறையின் மையமாக வேண்டும். 23ஐத் தாண்டியவருக்கு அறிவுரை மட்டும் தந்து 27.5 வரை காத்திருப்பது, தடுத்திருக்கக்கூடிய நோயை வளரவிடுவதாகும்.