எழுத்தும் எண்ணும்: கணினிக் கோப்பில் தமிழ்

ஓலைச்சுவடியைக் கரையான் அரிப்பதுண்டு. தாளை ஈரம் கெடுப்பதுண்டு. கணினிக் கோப்புக்கு நேரும் கேடு வேறு. எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் செய்தி தொலைந்தால், கோப்பு சிதையாமல் இருந்தும் அதிலுள்ள தமிழைப் படிக்க இயலாது.

மலேசியத் தமிழராகிய நாம் கணினித் தமிழில் முன்னதாகவே இறங்கினோம். இக்கேட்டையும் முன்னதாகவே கண்டோம். முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை இங்கு உருவாக்கினார். பின்னர், பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை அச்சகங்களில் கணினி அச்சுக்கோப்பு பரவியது. அந்நாளைய எட்டுபிட் முறையில் இருந்தவை 256 இடங்களே. முதல் 128 ஆங்கிலத்துக்கு உரியவை. எஞ்சியவற்றில் எழுத்துரு படைத்தோர் தத்தம் விருப்பப்படி தமிழை அமைத்தனர். ஆகவே, ஓர் எழுத்துருவில் தட்டிய கட்டுரை மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாயிற்று.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு டாம், டாப் முறைகளை ஏற்றது. இணைய அன்பர் பலர் திஸ்கியைக் கையாண்டனர். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றபோதும் முறைகள் ஒன்றாகியிருக்கவில்லை.

இதற்கிடையே, 1991ஆம் ஆண்டின் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தது. 1998இல் வெளியான எக்ஸ்.எம்.எல். தரம் ஒருங்குறியையே அடித்தளமாகக் கொண்டது. அவ்வகைக் கோப்பின் முதல் வரியில் குறியேற்ற முறையின் பெயரை அறிவிக்கலாம். மேலை ஐரோப்பிய முறை என்று அறிவித்துப் பழைய தமிழை இட்டால், மென்பொருள் தடையின்றி ஏற்கும். ஆனால், சேமிக்கப்படுபவை தமிழெழுத்துகள் அல்ல, மேற்குறியிட்ட இலத்தீன் எழுத்துகளே.

மாற்றும் பணியும் எளிதன்று. திஸ்கியில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே, கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக நிற்கும். ஒருங்குறியில் ககரமே முன் வரும். ‘கொ’வின் கொம்பும் காலும் ஒருங்குறியில் ஒரே குறியாகவும் அமையலாம், இரு குறிகளாகவும் அமையலாம். இவற்றை ஒரே வடிவாக்காமல் சேமித்தால், ‘கொடி’ என்று தேடுவோருக்குச் சில கொடிகள் கிட்டாமற் போகலாம். ஆண்டுமலர் விளம்பரத்தில் ‘& சன்ஸ்’ என முடியும் ஒரு கடைப்பெயரே முழுக் கோப்பையும் பிழையாக்கிவிடும்; & குறியையும் < குறியையும் எக்ஸ்.எம்.எல். தனக்கென ஒதுக்கிக்கொண்டுள்ளதால், அவற்றுக்குரிய மாற்று வடிவத்தையே இடல் வேண்டும்.

தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இனிவரும் எழுத்துக்கு அச்சமில்லை. பழைய வட்டுகளில் உறங்கும் பள்ளி, கோயில், சங்க மலர்களின் நிலை அதுவன்று. எந்த எழுத்துருவில் தட்டினோம் என்று சொல்லவல்ல அச்சுக்கோப்பாளர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் துணையோடு அக்கோப்புகளை இப்போதே மாற்றி, முதல் வரியில் குறியேற்றத்தின் பெயரையும் பொறித்து வைத்தல் நம் கடமை.