நிறுத்தி நிறுத்தி ஓடிய நாடா

அந்த வீடியோ நாடாவில் ஜோடனை எதுவும் கிடையாது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வழக்கம்போல் பாடம் நடத்துவார். கேமரா அதை அப்படியே பதிவு செய்யும். ஒத்திகையும் இல்லை, வெட்டி ஒட்டுவதும் இல்லை. பலகையில் தப்பாக எழுதி அழித்தால் அந்த அழிப்பும் நாடாவில் ஏறிவிடும்.

1969 முதலே ஸ்டான்ஃபோர்டு தன் பொறியியல் வகுப்புகளைச் சுற்றுவட்டார நிறுவனங்களுக்குத் தொலைக்காட்சி அலையில் நேரலையாக அனுப்பிவந்தது. ஆனால் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் சான்டா ரோசா ஆலை வடக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அலை எட்டாத தூரம். அங்கிருந்த பொறியாளர்களுக்கும் மேற்படிப்பு ஆசை உண்டே! 1970களின் தொடக்கத்தில் மின்பொறியியல் பேராசிரியர் ஜேம்ஸ் கிப்பன்ஸ் வழி கண்டுபிடித்தார்: அலை போகாத ஊருக்கு நாடா போகட்டும்.

போன இடத்தில் அதைத் தனியாளாகப் பார்க்கக் கூடாது. ஐந்தாறு பேர் சேர்ந்து உட்கார வேண்டும். கூடவே ஓர் உதவியாளர். அவரும் அதே ஆலையின் பொறியாளர்தான். பாடம் நடத்துவது அவர் வேலையல்ல. சில நிமிடத்துக்கு ஒருமுறை நாடாவை நிறுத்துவார். "இந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்தது?" என்று யாராவது கேட்பார், இன்னொருவர் பதில் சொல்லப் பார்ப்பார். பேசி முடித்த பிறகு நாடா மறுபடி ஓடும். பாடத்தில் கரைகண்டவர் இந்த வேலைக்குத் தோதுப்படமாட்டார், சீக்கிரமே பொறுமை இழந்துவிடுவார் என்பது கிப்பன்ஸின் கணிப்பு.

அறுபது பேர் நடுவே எழுந்து "புரியலை சார்" என்று சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் ஒருநாளும் சொன்னதில்லை. பேராசிரியரை நிறுத்தத்தான் கூச்சம். பெட்டியை நிறுத்த என்ன கூச்சம்?

டிவியா, நேர்வகுப்பா என்ற பட்டிமன்றம் அதற்குள் பழசாகியிருந்தது. 1967இல் சூ, ஷ்ராம் என்ற இரு ஆய்வாளர்கள், எதில் மாணவர்கள் நன்றாகக் கற்றார்கள் என்று பார்த்த 421 ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 308இல் வித்தியாசமே இல்லை. 63இல் டிவி முந்தியது, 50இல் வகுப்பு முந்தியது. இதை வைத்து யார் என்ன தீர்ப்புச் சொல்ல?

நாடா வகுப்பு பற்றிய கிப்பன்ஸ் குழுவின் கட்டுரை 1977இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. உதவியாளரோடு நாடா பார்த்தவர்கள், வகுப்பிலேயே உட்கார்ந்து படித்தவர்களை மதிப்பெண்ணில் முந்தியிருந்தார்கள். உதவியாளர் இல்லாமல் நாடாவை மட்டும் பார்த்தவர்களோ வகுப்பு மாணவர்களுக்கும் கீழே. இத்தனைக்கும் நிறுத்துகிற பொத்தான் அவர்கள் பெட்டியிலும் இருந்ததுதான்.