ஒரு கீச்சுச் சத்தத்துக்குள்ள ஒரு கேம்: கேசட்டில் ஓடிய கம்ப்யூட்டர்களின் கதை

எபிசோடு ஆரம்பத்துல ஒரு பத்து விநாடி, காதைக் குடையுற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு இல்லையா? முதல்ல நீளமா ஒரு 'பீ...', அப்புறம் தகரத்துல ஆணியை வச்சு இழுக்குற மாதிரி ஒரு 'கிர்ர்ர்'. உங்க ஹெட்போன்ல எந்தக் கோளாறும் இல்ல. அது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். 1982-ல வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்ங்கிற பிரிட்டிஷ் கம்ப்யூட்டருக்கு அந்தச் சத்தத்தை முழுசா போட்டுக் காட்டினா, அது கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு ஒரு கேமைத் திறக்கும்.

இன்னைக்கு அந்தச் சத்தத்தோட வரலாறைத்தான் பேசப் போறோம். கடைசியில, பழைய கேசட் ஒண்ணு கையில கிடைச்சா அதை எப்படிக் காப்பாத்துறதுன்னும் சொல்றேன்.

பாட்டுப் பெட்டி எப்படி ஸ்டோரேஜ் ஆச்சு?

1975-ல அமெரிக்காவுல ஆல்டேர் 8800 வந்தப்ப, வீட்டுல கம்ப்யூட்டர் வச்சுக்கிற ஆசை பல பேருக்குப் பத்திக்கிச்சு. ஆனா ஒரு தலைவலி. கரண்ட் போனா மெமரியில இருக்கிறது எல்லாம் போச்சு. ராத்திரி முழுக்க உக்காந்து எழுதின புரோகிராமை எதுலயாவது எழுதி வைக்கணும். காகித நாடாவுல ஓட்டை போடுற டெலிடைப் மெஷின் இருந்துச்சு, ஆனா விலை அதிகம். டிஸ்க் டிரைவ் அதைவிட எட்டாத உயரம். அப்ப எல்லா வீட்டுலயும் இருந்தது எது? பாட்டு கேக்குற கேசட் ரெக்கார்டர்.

கம்பெனிக்குக் கம்பெனி ஒரு முறை வச்சிருந்ததால, ஒருத்தர் டேப் இன்னொருத்தர் மெஷின்ல ஓடாது. அதனால 1975 நவம்பர்ல பைட் பத்திரிகை மிசௌரியில இருக்கிற கன்சாஸ் சிட்டியில ஒரு கூட்டம் நடத்துச்சு. அங்க உருவானதுதான் கன்சாஸ் சிட்டி ஸ்டாண்டர்டு. விஷயம் ரொம்ப எளிமை: பூஜ்யத்துக்கு 1,200 ஹெர்ட்ஸ்ல நாலு அலை, ஒண்ணுக்கு 2,400 ஹெர்ட்ஸ்ல எட்டு அலை. ஒரு கட்டை சுருதி, ஒரு மேல் சுருதி. இந்த ரெண்டு ஸ்வரத்தை வச்சே எந்தப் புரோகிராமையும் பாடிடலாம். வேகம் விநாடிக்கு 300 பிட்.

175 பவுண்டு கம்ப்யூட்டர்

இப்ப நேரா பிரிட்டனுக்குப் போவோம். 1982 ஏப்ரல்ல கிளைவ் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமை வெளியிடுறார். 16கே மெமரி உள்ளது 125 பவுண்டு, 48கே உள்ளது 175 பவுண்டு. விலையை எப்படி இவ்வளவு கீழ வச்சாங்க? வீட்டுல ஏற்கனவே இருக்கிற சாமானை வாங்குறவங்க தலையிலயே கட்டினாங்க. மானிட்டர் கிடையாது, உங்க டிவியில மாட்டிக்கோங்க. ஸ்டோரேஜ் கிடையாது, உங்க டேப் ரெக்கார்டர்ல மாட்டிக்கோங்க. பின்னாடி இயர், மைக்னு ரெண்டு ஓட்டை, ரெண்டு ஒயர். அவ்வளவுதான் செட்டப்.

லோடு ஆகுறப்ப டிவியில கண்ணுக்கும் வேலை உண்டு. நீளமான 'பீ' வர்றப்ப திரையோட ஓரத்துல சிவப்பும் இளநீலமுமா பட்டை ஓடும். 'இதோ டேட்டா வருது, தயாரா இரு'ன்னு சொல்ற முன்னோட்டம் அது. அப்புறம் நீலமும் மஞ்சளுமா மெல்லிசுப் பட்டை துடிச்சா நிஜ டேட்டா. வேகம் விநாடிக்குச் சராசரியா 1,500 பிட். பெரிய கேம் ஏற நாலஞ்சு நிமிஷம் ஆகும். உங்க போன்ல இருக்கிற 3 எம்பி போட்டோ ஒண்ணு இந்த வேகத்துல வந்தா கிட்டத்தட்ட நாலரை மணி நேரம் காத்திருக்கணும்!

கேசட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு ஆள்

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஸ்பெக்ட்ரமுக்கு டேப் ரெக்கார்டர் மேல எந்தக் கட்டுப்பாடும் இல்ல. மோட்டார் ஓடுதா, ஒயர் மாட்டியிருக்கா, எதுவும் அதுக்குத் தெரியாது. சேவ் கொடுத்தா, ரெக்கார்டரே இல்லைன்னாலும் பாட்டுக்குப் பாடி முடிச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு சொல்லிடும். பதிவானது சரியான்னு பாக்க வெரிஃபைன்னு தனி கட்டளை. பட்டனை அமுக்குறது, வால்யூமைச் சரி பண்றது, எந்த நிமிஷத்துல எந்தப் புரோகிராம் இருக்குன்னு அட்டையில எழுதி வைக்கிறது, இது எல்லாம் மனுஷன் வேலை. சுருக்கமா சொன்னா, 175 பவுண்டு கம்ப்யூட்டர்ல விடுபட்ட பாகம் நீங்கதான்.

வால்யூம் கம்மியா இருந்தா கம்ப்யூட்டருக்குக் காது கேக்காது. ரொம்ப அதிகமானா அலை சிதைஞ்சு போகும். ஒவ்வொரு பகுதியோட கடைசியிலயும் சரிபார்க்க ஒரு பைட் இருக்கும். ஒரே ஒரு பிட் தப்பினாலும் கணக்கு உதைக்கும். நாலு நிமிஷம் காத்திருந்த பிறகு திரையில வர்ற பதில், 'ஆர் டேப் லோடிங் எரர்'. ரீவைண்ட் பண்ணு, மறுபடி முதல்ல இருந்து.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கமடோர் வேற வழியில போச்சு. டேட்டாசெட்னு தன்னோட மெஷினுக்கே தனி டேப் டிரைவ். வால்யூம் தொல்லை கிடையாது, மோட்டாரைக் கம்ப்யூட்டரே ஓட்டும், நிறுத்தும். ஆனா பாதுகாப்புக்காக எல்லாத்தையும் ரெண்டு தடவை எழுதும், அதனால ஆமை வேகம். அதைச் சகிக்க முடியாமத்தான் டர்போ லோடர்கள் பிறந்துச்சு.

வானொலியில வந்த சாஃப்ட்வேர்

டேட்டா சத்தமா இருந்ததுல ஒரு பெரிய லாபம் உண்டு. சத்தம் போற இடமெல்லாம் அதுவும் போகும். 1983-ல யூகோஸ்லாவியாவுல வோயா அந்தோனிச்னு ஒரு பொறியாளர் கலாக்சியான்னு ஒரு கம்ப்யூட்டரை வடிவமைச்சார். வெளிநாட்டுக் கம்ப்யூட்டரை உள்ள கொண்டு வர அங்க கடுமையான கட்டுப்பாடு. அதனால வரைபடத்தைப் பத்திரிகையிலயே போட்டுட்டாங்க. ஆயிரக்கணக்கானவங்க பாகம் வாங்கி வீட்டுலயே கட்டினாங்க. சரி, சாஃப்ட்வேருக்கு எங்க போறது? பெல்கிரேடு வானொலியில சோரன் மோட்லி நடத்தின வெண்டிலேட்டர் 202 நிகழ்ச்சியில, பாட்டுக்கு நடுவுல புரோகிராமை ஒலிபரப்பினாங்க. நேயர்கள் டேப்ல பிடிச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டாங்க. காத்துல வந்த டவுன்லோடு!

1986-ல ஆம்ஸ்ட்ராட் கம்பெனி சின்க்ளேரோட கம்ப்யூட்டர் வியாபாரத்தை வாங்கி, ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2-ன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. டேப் டெக் கீபோர்டு பக்கத்துலயே பொருத்தி வந்துச்சு. மனுஷன் செஞ்ச பாதி வேலையை மெஷினே எடுத்துக்கிச்சு.

இப்ப இருக்கிற அவசரம்

கடையில வித்த கேம்கள் பெரும்பாலும் ஃபைலா மாத்தப்பட்டு பத்திரமா இருக்கு. ஆபத்துல இருக்கிறது வேற. பன்னிரண்டு வயசுல ஒரு பிள்ளை தானே எழுதி, ஒரே ஒரு கேசட்ல சேவ் பண்ணின புரோகிராம். உலகத்துல அதுக்கு வேற பிரதி கிடையாது. அதனால, அப்படி ஒரு டேப் கிடைச்சா உடனே ப்ளே அமுக்காதீங்க. வரிசையா சொல்றேன்.

முதல்ல கேசட். மேல் விளிம்புல இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் சில்லையும் உடைச்சுடுங்க, தப்பித் தவறி மேல பதிவாகாது. சுருள்ல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா ஓட்டவே கூடாது. நாடாவை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கிற குட்டிப் பஞ்சுத் துண்டு கழண்டிருக்கான்னு பாருங்க.

அடுத்து ரெக்கார்டர். உள்ள இருக்கிற ரப்பர் பெல்ட் வருஷம் ஆக ஆக தளரும், சில சமயம் தார் மாதிரி உருகி ஒட்டும். புதுசு போடுங்க. ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பட்ஸால துடைங்க. முதல்ல ஓட்ட வேண்டியது, போனாலும் பரவாயில்லைங்கிற ஒரு பாட்டு கேசட்டை.

மூணாவது, ஹெட்டோட கோணம். நாடாவுக்கு அது செங்குத்தா இருக்கணும். கொஞ்சம் சாய்ஞ்சா பாட்டு மங்கலா கேக்கும், அவ்வளவுதான். ஆனா டேட்டா செத்துடும். ஹெட் பக்கத்துல இருக்கிற சின்ன திருகாணியை நூல் அளவு திருப்பிக்கிட்டே ஹெட்போன்ல கேளுங்க. கீச்சு எப்ப ரொம்பக் கூர்மையா, பளிச்சுன்னு வருதோ, அதுதான் சரியான இடம். பதிவு பண்ணின ரெக்கார்டரோட கோணமே சாய்வா இருந்திருக்கலாம், அதனால ஒவ்வொரு டேப்புக்கும் இதைச் செய்யணும்.

கடைசியா, நேரா ஸ்பெக்ட்ரம்ல ஏத்த முயற்சி பண்ணாம, முதல்ல லேப்டாப்ல வேவ் ஃபைலா பதிவு பண்ணிடுங்க. நாடாவுக்கு இன்னும் எத்தனை ஓட்டம் மிச்சம் இருக்கோ தெரியாது. ஃபைலை எத்தனை தடவை வேணும்னாலும் போட்டுப் பாக்கலாம்.

கேசட் அட்டையில பென்சில்ல 'என் கேம், 2'ன்னு எழுதியிருந்தா, அதைக் குப்பைன்னு தள்ளிடாதீங்க. அந்தக் கீச்சுச் சத்தத்துக்குள்ள, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிள்ளை யோசிச்சது அப்படியே இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.